தலைகீழாய்த் தொங்கிய அம்பு

எங்கள் எல்க் பெண்ட் நகரத்தில் கடவுளுக்கே ஒரு வழிகாட்டிப் பலகைதான். ஒரு சர்ச் சபைக்கு ஒன்று, அதற்கு மேல் கேட்கக் கூடாது. நீல நிறம், வெள்ளை எழுத்து, நகராட்சி சொன்ன அளவு. சபையின் பெயர் ஒரு தகட்டில், வழி காட்டும் அம்பு அதற்குக் கீழே தனித் தகட்டில். மாட்டுவதும் கழற்றுவதும் நகராட்சி ஆட்கள் வேலை. சபைக்காரர்கள் விரல்கூட வைக்கக் கூடாது. இதெல்லாம் பழைய சட்டம். பெரிய சாலை முழுக்கப் பலகையாகிவிட்டது என்று கொஞ்ச வருடத்துக்கு முன்னால் இன்னொன்றையும் சேர்த்தார்கள். இனிமேல் புதிதாக யாருக்கும் கிடையாது. இருப்பது இருக்கலாம். ஆனால் சேதமாகிவிட்டது என்று யாராவது புகார் கொடுத்தால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், திரும்ப வராது.

நான் மார்லிஸ் க்வாம். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். இம்மானுவேல் லுத்தரன் சபையின் தலைவி. ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். தலைவர் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்தேன், என் தலையில் கட்டிவிட்டார்கள். மினசோட்டாக்காரர்கள் அப்படித்தான். வீடு தீப்பிடித்து எரிந்தாலும், தீயணைப்பு ஆட்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்களா என்று யோசித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். நானும் இந்த மாநிலத்தில்தான் பிறந்தேன், ஆனால் எனக்கு மட்டும் வாய் கொஞ்சம் நீளம்.

அந்தப் பலகை இல்லையென்றால் நான் இந்த ஊரிலேயே இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் என் மகள் காரின் குறைமாதத்தில் பிறந்து, பெரிய சாலையிலிருக்கும் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். என் கணவன் டுவேன் மாடுகளைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் பண்ணையில் இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வார்டுக்குள் எனக்கு மூச்சே விட முடியவில்லை. வெளியே வந்து கால் போன போக்கில் நடந்தேன். டாமரக் தெரு முனையில் ஒரு பலகை. இம்மானுவேல், ஓர் அம்பு. அம்பு காட்டிய பக்கம் திரும்பிப் போனேன். அங்கே போர்கில்ட் என்றொரு பெண்மணி என் கோட்டைக் கழற்றி மாட்டி, கையில் காபியைக் கொடுத்து, ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு காரின் வீட்டுக்கு வரும்வரை தினமும் யாராவது ஒருவர் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தார்கள். மகள் பிழைத்தாள். இப்போது டுலூத் நகரத்தில் இருந்துகொண்டு, உப்பைக் குறை, ஏணியில் ஏறாதே என்று போனில் என்னை மிரட்டுகிறாள். நாங்கள் மாடுகளை விற்றுவிட்டு இந்த ஊருக்கே குடிவந்துவிட்டோம்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி ஆட்கள் வராத ஞாயிறே எங்கள் சபையில் கிடையாது. யாராவது ஒருவர், மணிக்கட்டில் அந்தப் பிளாஸ்டிக் பட்டையோடு, கண் சிவந்து, வாசலில் வந்து நிற்பார். போர்கில்ட் இறந்த பிறகு கோட்டைக் கழற்றி மாட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இம்மானுவேல் எதற்காக இருக்கிறது என்று கேட்டால் இதற்காகத்தான் என்று சொல்வேன்.

இந்தப் பனிக்காலத்தில் ஒருவர்கூட வரவில்லை. நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள் போயிற்று, கிறிஸ்துமஸும் போயிற்று, வாசலில் நான் மட்டும் நின்றேன். ஏற்கெனவே எங்களுக்குச் சொந்தப் பாதிரியார் இல்லை; வாராவாரம் யாரோ ஒருவர் வந்து பிரசங்கம் செய்துவிட்டுப் போவார். இருக்கிறவர்களெல்லாம் முன்னால் வந்து உட்கார்ந்தால் நாலு பெஞ்சுகூட நிறையாது. பிஷப் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு மெதுவாக, வருத்தமாகச் சொன்னார்கள்: ஜனவரிக் கடைசியில் ஆண்டுக் கூட்டம் வருகிறதே, அதில் நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். மூடுவதா வேண்டாமா என்ற தீர்மானத்தைக் கூட்டத்தில் வைக்க வேண்டியவள் நான்தான். என்னை வாழவைத்த இடத்தை நானே பூட்ட வேண்டும் என்றால் வயிறு எரியாதா? எரிந்தது. ஆனால் யாருமே தேடி வராத இடத்தைத் திறந்துவைத்து என்ன செய்வது என்றும் தோன்றியது.

கூட்டத்துக்கு முந்தின வாரம் டுவேனின் முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழக்கமாக நான் பின்தெரு வழியாகத்தான் ஓட்டுவேன். அன்று அங்கே தண்ணீர்க் குழாய் வெடித்துத் தெருவை அடைத்திருந்தார்கள். அதனால் பெரிய சாலை. டாமரக் தெரு முனையில் சிவப்பு விளக்கு விழுந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

பெயர்த் தகடு சரியாகத்தான் இருந்தது. கீழே அம்புத் தகட்டைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டில் மேலே இருந்ததைக் காணோம். கீழ் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு தகடு தலைகீழாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. பனி உறைந்து அப்படியே ஒட்டியிருந்தது. எங்கள் சர்ச் வலது பக்கம். அம்பு அழகாக இடது பக்கம் காட்டிக்கொண்டிருந்தது.

"டுவேன்! அங்க பாரு!"

"ம்."

"என்ன ம்? அம்பு அந்தப் பக்கம் காட்டுது!"

"ஆமா, பார்த்தேன்."

"எப்பப் பார்த்தே?"

"நன்றித் திருநாள் சமயம் இருக்கும். மொதப் பனி கொட்டுச்சே, அதுக்கப்புறம்."

விளக்கு பச்சையானது. நான் நகரவில்லை. பின்னால் நின்றவர், எங்கள் ஊர் வழக்கப்படி, ஹாரன் அடிக்காமல் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ரெண்டு மாசமா தெரிஞ்சும் வாயைத் தெறக்கலையா நீ?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன். உனக்குத் தெரியாம இந்த ஊர்ல என்ன நடக்குது?"

"தெரிஞ்சிருந்தா சும்மா இருந்திருப்பேனா?"

"அதான் நானும் யோசிச்சேன். மார்லிஸ் சும்மா இருக்காளே, ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான் டுவேன். அப்புறம், "வெளக்கு திரும்பவும் சிவப்பாயிடுச்சு" என்றான்.

அவனை வீட்டில் இறக்கிவிட்டு நேராக நகராட்சியின் சாலைப் பிரிவுக்குப் போனேன். பலகைகளைப் பார்த்துக்கொள்வது கர்ட்டிஸ் பிராட்டன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பேருந்தில் வந்தவன். இப்போது தலை வழுக்கை, தொப்பை, இரண்டு பிள்ளைகள்.

"கர்ட்டிஸ், டாமரக் தெரு முனையில எங்க பலகை..."

அவன் அவசரமாகக் கையைத் தூக்கினான். "ஒரு நிமிஷம், மார்லிஸ் மேம். இப்ப நீங்க சொல்லப் போறது புகாரா, பேச்சா?"

"என்னடா வித்தியாசம்?"

"புகார்னா நாளைக்குக் காலையில ஏணிய எடுத்துட்டுப் போய் மொத்தத்தையும் கழட்டணும். திரும்ப மாட்ட முடியாது. பேச்சுன்னா உங்களுக்கு ஒரு காபி தர்றேன்."

"அப்போ நானே போய் அதைத் திருப்பிட்டா?"

"சபை ஆளு தொட்டா அனுமதியே ரத்து. நீங்க அதைக் கேக்கல, நான் அதைக் காதுல வாங்கல."

"பஸ்ல வாந்தி எடுத்தியே, யாருடா தொடச்சா?"

"நீங்கதான் மேம். வருஷா வருஷம் சொல்லிட்டுத்தான் இருக்கீங்க. சட்டத்தை நான் போடல. புகாரா, பேச்சா?"

"பேச்சுதான்டா. காபியக் கொடு" என்றேன். காபி கழுநீர் மாதிரி இருந்தது. சொன்னால் அதுவும் புகாராகிவிடுமோ என்று குடித்துவைத்தேன்.

புகார் கொடுத்தால் பலகை போய்விடும். கொடுக்காவிட்டால் அம்பு இப்படியே தொங்கும், எங்கள் கூட்டமும் வந்துவிடும். யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் ஒன்று தோன்றியது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மாதமாக ஆட்கள் வராமல் இல்லை. வந்திருக்கிறார்கள். இடது பக்கம் போயிருக்கிறார்கள். அங்கே அவர்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை டுவேனிடம் சர்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் டாமரக் தெருவில் இடது பக்கம் திரும்பினேன். எங்கள் ஆட்களைத் தட்டிப் பறித்தவர்களை இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்றுதான் போனேன், பொய் சொல்லவில்லை.

மூன்றாவது பிளாக்கில் பழைய மேஜை நாற்காலிக் கடை. வெளியே பெயர் இல்லை, ஒன்றும் இல்லை, வரிசையாகக் கார்கள் மட்டும். உள்ளேயிருந்து பாட்டு கேட்டது. கதவைத் திறந்தால் மடக்கு நாற்காலிகளில் நிறைய ஜனம், எல்லாம் மோங் குடும்பங்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் லாவோஸ் மலைகளிலிருந்து அகதியாக வந்தவர்கள். இப்போது எங்கள் ஊர் சந்தையில் நல்ல காய்கறி வேண்டுமென்றால் இவர்களிடம்தான் போக வேண்டும். கடைசி வரிசையில் வெளுத்த முகத்தோடு ஓர் இளம்பெண், கையில் ஆஸ்பத்திரிப் பட்டை. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்தாள்.

"இங்க உக்காருங்க" என்று காதோடு சொன்னாள். "நீங்க இம்மானுவேலுக்குப் புதுசா?"

என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அப்படி ஒரு நாள் வந்தது என்பதை டுவேன் இன்றுவரை நம்ப மறுக்கிறான்.

"பயப்படாதீங்க. பாட்டு புரியாது, ஆனா வேத பாடத்தை நமக்காக இங்கிலீஷ்லயும் ஒரு தரம் வாசிப்பாங்க. இந்த ஊர் லுத்தரன்காரங்க எல்லாரும் மோங்குன்னு எனக்கு இங்க வர்ற வரைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதும்மா" என்றேன்.

பெயர் ஷெல்பி. மேற்கே எங்கேயோ பண்ணை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் பையன் குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கணவன் மாடுகளோடு இருக்கிறான். பாட்டுக்கு நடுவே அவள் பேசிக்கொண்டே போனாள்.

"மொத ஞாயித்துக்கிழமை பலகையப் பார்த்துட்டு வந்தேன். வாசல்லயே அழுதுட்டேன். அதோ அந்த அம்மா, மாய் யீயா, என்னப் பார்த்த உடனே கேட்டது ஒண்ணுதான். 'புள்ள பொறந்து எத்தனை நாளாச்சு?' அன்னிலேர்ந்து தெனமும் ஆஸ்பத்திரிக்குக் கோழி சூப்பு, ஏதேதோ பச்சிலை போட்டு, சுடச்சுடச் சோறு. புள்ள பெத்தவ ஒரு மாசம் இதத்தான் சாப்பிடணுமாம், பச்சத்தண்ணி குடிக்கக்கூடாதாம். ஐஸ் தண்ணி கேட்டேன், திட்டு வாங்கினேன். மாசம் முடிஞ்சு போச்சு, இன்னும் நிறுத்தல. எங்க ஊர் சர்ச்சுல வாராவாரம் இம்மானுவேலுக்காக ஜெபம் பண்றாங்க. நாந்தான் சொல்லிவெச்சேன்."

எங்கள் பெயரைச் சொல்லி எங்கோ ஓர் ஊரில் ஜெபம் நடக்கிறது. அந்தச் சூப்பில் நாங்கள் ஒரு சிட்டிகை உப்புகூடப் போடவில்லை. கேட்டுவிட்டு வரலாம் என்று கொண்டுபோன இரண்டு வார்த்தையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆராதனை முடிந்ததும் நீள மேஜைகளைப் போட்டார்கள். வீடுகளிலிருந்து சுமந்து வந்த பாத்திரங்களைத் திறந்தார்கள். பாதிரியார் சூ நெங் வாங் என்னிடம் வந்து கை கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும், சிரித்த முகம்.

"என் பேரு மார்லிஸ். நான் டாமரக் தெரு அந்தப் பக்கம் இருக்கிற இம்மானுவேல் சபையிலேர்ந்து வர்றேன்."

அவர் கை என் கையைவிட்டு நகரவில்லை. திரும்பித் தங்கள் மொழியில் உரக்க ஏதோ சொன்னார். ஒவ்வொருவராக எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்கள். மாய் யீயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷெல்பி ஒன்றும் புரியாமல், "அப்போ இது இம்மானுவேல் இல்லையா?" என்றாள்.

"இதுவுந்தாம்மா" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

"மார்லிஸ்ம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியாம இவ்வளவு நாளா தவிச்சோம்" என்றார் வாங். "பலகை கேட்டுப் போனோம், புதுசா கிடையாதுன்னுட்டாங்க. வாடகைக் கடை, வாசல்ல பேரு எழுதவும் இன்னும் அனுமதி வரல. நாங்க இங்க இருக்கோம்னு ஒருத்தருக்கும் தெரியாது. எங்க ஆளுங்களுக்குள்ளேயே பாடி, எங்க ஆளுங்களுக்குள்ளேயே சாப்பிட்டுப் போய்ட்டிருந்தோம். அப்பதான் உங்க அம்பு எங்க பக்கம் திரும்புச்சு."

எனக்கு அசடு வழிந்தது. வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் செய்யாத காரியத்துக்கு நன்றி வாங்கிப் பழக்கமில்லை.

"ஐயா, ஒரு உண்மையச் சொல்லிடறேன். அது நாங்க பண்ணினதில்ல. ஏதோ வண்டி இடிச்சு போல்ட்டு போயிருக்கு."

வாங் வாய்விட்டுச் சிரித்தார். "அது தெரியும்மா. இடிச்சதே நம்ம டூவாதான்." மேஜைக் கோடியில், தோள் அகன்ற நடுவயது ஆள் ஒருவன் சோற்றுத் தட்டைப் பார்த்துத் தலைகுனிந்தான். "நகராட்சியில பனி தள்ற வண்டி ஓட்டறான். அவன் வண்டி தள்ளின பனிக்கட்டி தெறிச்சு அடிச்சிருக்கு. இங்க ஆளுங்க வந்து நின்ன பொறகுதான் போய்ப் பார்த்தோம். அடுத்த வாரமே நீங்க கவனிப்பீங்க, ஏதாவது பண்ணித் திருப்பிடுவீங்கன்னு நெனச்சோம். நீங்க ஒண்ணும் பண்ணல. உங்க பலகை, உங்க தெரு முனை, பார்க்காம இருக்க முடியுமா? எங்களுக்குத்தான் தேவைன்னு தெரிஞ்சு, பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுட்டீங்க. நன்றி சொல்ல வந்தா விஷயம் வெளிய வந்து உங்க பலகை போயிடுமேன்னு நாங்களும் வாயக் கட்டிக்கிட்டோம். வந்தவங்களுக்கு உங்க சர்ச்சுக்கு வழி சொன்னோம். நேரமாயிடுச்சுன்னு எல்லாரும் இங்கயே உக்காந்துட்டாங்க. இந்தப் பொண்ணு மட்டும் இதுதான் இம்மானுவேல்னு நம்பிடுச்சு. நீங்க அனுப்பின ஆளு, உங்க பேர்லயே சாப்பிடட்டும்னு விட்டுட்டோம்."

எங்கள் ஜனம் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தது உண்மைதான். ஆனால் அது பெருந்தன்மை இல்லை, சோம்பலும் கூச்சமும். அதைப் போய் இவர்கள் தானம் என்று எடுத்துக்கொண்டு, பதிலுக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். மாய் யீயா எனக்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப்பு வைத்தாள். கசப்பும் மணமுமாக, அப்படியொரு சூடு. நாற்பது வருடத்துக்கு முன்னால் போர்கில்ட் கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பாத்திரம் ஞாபகம் வந்து, நான் அழுதேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாய் யீயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு வந்தேன்னா," என்றேன் மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்த ஞாயிறு எங்க சர்ச்சை மூடறதா வேண்டாமான்னு கூட்டம்."

"மூடறதா? ஏன்?" என்றாள் மாய் யீயா.

"ஆளு வரலையே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். டூவா கரண்டியைக் கீழே வைத்தான். எனக்கு ஒரு டப்பா நிறையச் சூப்பு கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை கர்ட்டிஸ் போன் செய்தான்.

"மார்லிஸ் மேம், உங்க அம்ப நேராக்கிட்டேன். புது போல்ட்டு போட்டாச்சு. இனி இடியே விழுந்தாலும் அசையாது."

"டேய், நான் புகார் கொடுக்கலையேடா!"

"புகாரே இல்ல. எங்க டூவா வந்து, நான் ஓட்டின வண்டிதான் கெடுத்துச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டான். நகராட்சி கெடுத்தத நகராட்சியே இருந்தபடி வெச்சுத் தரணும், அதுவும் சட்டத்துல இருக்கு. நான்கூடக் கேட்டேன், 'ரெண்டு மாசம் கழிச்சு ஏன்டா இப்ப வந்து சொல்றே, உம்பேர்ல குறிப்பு விழுமே'ன்னு. விழட்டும்னுட்டான்."

போனை வைத்துவிட்டு உடனே பாதிரியார் வாங்கைக் கூப்பிட்டேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எல்லாமே முதலில் கோபமாகத்தான் வரும்.

"யாரைக் கேட்டு இப்படிப் பண்ணினீங்க? இனிமே உங்களுக்கு யாரு வருவா?"

"ஒரு பனிக்காலம் முழுக்கக் கொடுத்தீங்களே, போதும்மா. இப்ப உங்களுக்குத்தானே வேணும்" என்றார் வாங். "டூவாதான் மொதல்ல சொன்னான். நாங்க எல்லாரும் சரின்னோம்."

அதற்குப் பிறகு நான் ரொம்ப நேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். டுவேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முழங்கால் வலியோடு அவனே எனக்குக் காபி போட்டுக் கொடுத்தான்.

ஆண்டுக் கூட்டம் எப்போதும் போலச் சர்ச்சுக்கு அடியில், சமையல்கூடத்தை ஒட்டிய நிலவறைக் கூடத்தில். பெரிய அடுப்புகள், அண்டா அண்டாவாகப் பாத்திரம், எல்லாம் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சமைத்தவை; இப்போது காபி மட்டும்தான் கொதிக்கிறது. எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் எழுந்தேன்.

"தீர்மானத்துக்கு முன்னாடி ஒரு கேள்வி. நம்ம பலகையில அம்பு மாறியிருந்ததை யார் யார் பார்த்தீங்க? கையத் தூக்குங்க."

முதலில் ஒரு கை. அப்புறம் இரண்டு. அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், என்னைத் தவிர அத்தனை கையும் மேலே போயிற்று.

"ஐனார்! நீங்களுமா?"

ஐனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆண்டவரிடம்கூட அளந்துதான் பேசுவார். "மொதப் பனியிலேயே பார்த்தேன்" என்றார். "நகராட்சிக்காரங்களுக்கு ஆயிரம் வேலை. போய்த் தொந்தரவு பண்ணணுமான்னு..."

"நல்லா இருக்கு கதை! தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சர்ச்சையே மூட உக்காந்திருக்கோம்!" கத்தினேன். கத்தக் கத்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒருவர் களுக்கென்றார். அப்புறம் எல்லோரும் சிரித்தோம், கிறிஸ்துமஸுக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கினதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஷெல்பியை, கோழி சூப்பை, நம்மை நினைத்து நடக்கும் ஜெபத்தை. நம் கூச்சத்தை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் என்பதை. நமக்கு ஆள் வர வேண்டும் என்று டூவா தன் பெயரில் குற்றத்தை எழுதிக்கொடுத்ததை.

"சரி. சபைய மூடறதுன்னு ஒரு தீர்மானம் இருக்கு. யாராவது முன்மொழியுங்க."

யாரும் பேசவில்லை. எல்லோரும் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். இந்த மௌனத்தை நான் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதைக் கேட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

ஐனார்தான் தொண்டையைக் கனைத்தார். "அந்தக் கடையில அடுப்பு இருக்கா?"

"இல்ல. வீட்டிலேர்ந்து சுமந்துட்டு வர்றாங்க."

அவர் எங்கள் சமையல்கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். "நம்மகிட்ட இருக்கே" என்றார்.

ஐனாருடைய வாயிலிருந்து அது பெரிய சொற்பொழிவு. யாரும் எதிர்க்கவில்லை. வாங் குடும்பத்தையும் அவர் சபையையும் எங்கள் கூரைக்குக் கீழே வரச் சொல்லிக் கேட்பது என்று அப்போதே முடிவானது. கேட்கப் போனவள் நான். அவர்கள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று இரண்டு வாரம் யோசித்தார்கள். இவர்கள் அசல் மினசோட்டாக்காரர்கள்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மார்ச்சில், தெரு ஓரத்தில் பனி அழுக்காகக் கரைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு. அவர்கள் பாட்டு பாதி, எங்கள் பாட்டு பாதி என்று ஆராதனை. கீழே எல்லா அடுப்பும் எரிந்து, கோழியும் பச்சிலையும் மணந்தது. நான் வாசலில் என் இடத்தில் நின்றேன். பெரிய சாலையிலிருந்து ஒரு வண்டி அம்பு காட்டிய பக்கம் சரியாகத் திரும்பி வந்து நின்றது. ஷெல்பி இறங்கினாள். கையில் பட்டை இல்லை, கன்னத்தில் நிறம் இருந்தது. பக்கத்தில் கூச்சத்தோடு அவள் கணவன், மடிப்புக் கலையாத சட்டை. அவள் தோளில் ஒரு துணிச் சுருள்.

எனக்குக் குறும்பு வந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கேட்டேன். "வாங்க, வாங்க. இம்மானுவேலுக்குப் புதுசா?"

"யாரு, நானா? நான் பழைய ஆளு" என்றாள் ஷெல்பி. "இவங்க ரெண்டு பேருந்தான் புதுசு."

சொல்லிவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். நல்ல கனம். அவர்களுடைய கோட்டைக் கழற்றி மாட்டச் சொல்லி டுவேனைக் கூப்பிட்டுவிட்டு, பிள்ளையை மாய் யீயாவிடம் காட்ட நான் கீழே இறங்கினேன்.